வெங்கடேசனின் இல்லாளுக்கு ரத்தம் தேவை

1. திங்கட்கிழமை வந்த ஐந்து பேர்

எண்பதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் தமிழ் வாரப் பத்திரிகை. ஆசிரியர், அச்சுக் கோக்க இரண்டு கம்பாசிட்டர்கள், பிழை திருத்திப் புரூஃப் பார்க்க நான். அவ்வளவுதான் ஆபீஸ்.

ஒரு திங்கட்கிழமை காலை, கீழே மூட்டை தூக்கும் ஐந்து பேர் தடதடவென்று படியேறி வந்தார்கள். முன்னால் வந்த முருகேசன் எங்கள் பத்திரிகையை மேஜைமேல் வீசினான்.

"என்னக்கா, விளையாடுறீங்களா? வேலையை விட்டுட்டு ரத்தம் கொடுக்கப் போனா, அங்க ஒரு ஆம்பளை படுத்திருக்காரு!"

விஷயம் இதுதான். வெலிங்டன் தீவில் கப்பல் கம்பெனி குமாஸ்தாவான வெங்கடேசன் முந்தின வாரம் எங்களிடம் வந்திருந்தார். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஓயாத ரத்தப்போக்கு. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு பாட்டில் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆசிரியர் தானே உட்கார்ந்து எழுதினார்:

"ஸ்ரீ வெங்கடேசன் அவர்களின் இல்லாளுக்கு ஏற்பட்டுள்ள உபாதையின் பொருட்டு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. வீர இளைஞர்களே, மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரிக்குத் திரண்டு வாரீர்!"

பெண்களின் பெயரையும் நோயையும் அச்சில் போடாமல் இருப்பதுதான் மரியாதை என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். நான் மூன்று தடவை புரூஃப் பார்த்தேன். ஒரு பிழை கிடையாது.

இவர்கள் போய் "வெங்கடேசன்" என்று கேட்டிருக்கிறார்கள். நர்ஸ் ஆண்கள் வார்டில் எட்டாம் கட்டிலைக் காட்டிவிட்டார். அங்கே ஹெர்னியாவுக்காக வேறொரு வெங்கடேசன் படுத்திருந்தார். ஐந்து பேர் சுற்றி நின்று சட்டைக் கையை மடித்ததும் மனிதருக்குக் குலை நடுங்கிவிட்டது.

"'சின்ன ஆபரேஷன்னுதானே சொன்னாங்க, அஞ்சு பேர் ரத்தம் எதுக்குப்பா'ன்னு அழுவுறாருக்கா!"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மறுநொடியே ஆசிரியர் பக்கம் திரும்பினேன். ஆபரேஷன் நாளைக்கு.

"சார், அந்த அம்மா பேர் என்ன?"

"வெங்கடேசன் ஆத்துக்காரிம்மா."

"அது தெரியும் சார். பேரு?"

ஆசிரியருக்கே தெரியவில்லை. தீவு ஆபீசுக்கு போன் போட்டார். வெங்கடேசன் லீவு. அங்கே இருந்தவர் யோசித்து யோசித்துச் சொன்ன பதில், "மிஸஸ் வெங்கடேசன்." எனக்கு வந்த கோபத்தில் போனை நான் பிடுங்கி வைத்தேன்.

2. பெண்கள் வார்டு

ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குமாஸ்தா ரத்தம் தேடி எறணாகுளம் போயிருந்தார். வேறு வழியில்லாமல் பெண்கள் வார்டு வாசலில் நின்று கத்தினேன்.

"இங்க வெங்கடேசன்னு ஆத்துக்காரர் யாருக்கு இருக்கார்?"

"எனக்கு நாராயணன்!" என்றாள் ஒருத்தி. "எனக்கு வர்கீஸ். போதுமோ சேச்சி?" என்றாள் இன்னொருத்தி. வார்டே சிரித்தது. மூலைக் கட்டிலிலிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது.

"நான்தான். என் பேர் கோமதி. பத்திரிகைல போட்டும் யாருமே வரலையேன்னு நெனச்சேன்."

முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஐந்து பேரையும் சோதித்ததில் முருகேசன் ரத்தம் மட்டும்தான் சேர்ந்தது. இன்னும் ஒரு பாட்டில் வேண்டும். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிங்களுடைய க்ரூப் எந்தா?"

"ஓ நெகட்டிவ்" என்றேன். என் மகள் பிறந்தபோதே அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மூன்று தடவை அந்த வரியைப் படித்தவள் நான்! அது என்னையும் கூப்பிடுகிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. இளைஞர்களை அல்லவா கூப்பிட்டோம்?

"பொம்மனாட்டிகள் கொடுக்கலாமா டாக்டர்?"

"ரத்தத்தில் ஆணும் பெண்ணும் உண்டோ? வேகம் வா!"

ரத்தம் எடுக்குமிடத்தில் பெயர் கேட்டார்கள். "மிஸஸ் சங்கரன்" என்றேன், வாய்ப் பழக்கம்.

முருகேசன் விடவில்லை. "அக்கா, உங்களையும் ஆம்பளை வார்டுலதான் தேடணும் போல!"

எழுதியதை அடித்துவிட்டு, லலிதா என்று எழுதச் சொன்னேன்.

3. நன்றிக் குறிப்பு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த இதழுக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: 'கர்ப்பப்பைக் கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொண்ட கோமதி நலம். ரத்தம் கொடுத்தவர்கள் முருகேசன், லலிதா. இனி ரத்தம் கொடுக்க விரும்பும் எவரும், ஆணோ பெண்ணோ, பெயர் பதியலாம்.'

ஆசிரியர் பதறிவிட்டார். "கர்ப்பப்பைன்னு அச்சுல போடறதா? இது குடும்பப் பத்திரிகைம்மா!"

"கர்ப்பப்பை இல்லாம குடும்பம் எங்கேர்ந்து சார் வரும்?"

கம்பாசிட்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள். ஆசிரியர் என்னை முறைத்தார். பிறகு பேனாவை எடுத்து, அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'எட்டாம் கட்டில் வெங்கடேசனும் நலம்.'

இப்போது பத்திரிகை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆளின் பெயரைக் கேளுங்கள். நோயை அதன் பெயராலேயே எழுதுங்கள். யாரையெல்லாம் கூப்பிடுகிறோம், யாரை விட்டுவிட்டோம் என்று ஒரு தடவை பாருங்கள். மரியாதை என்று நாங்கள் நினைத்தது ஓர் உயிரை ஒளித்து வைத்துவிட்டது.

ஒன்றிரண்டு மாதம் கழித்து, நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு கோமதி மெதுவாகப் படியேறி வந்தாள். வாசலில் நின்று, "லலிதா இருக்காளா?" என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அந்த மாடிக்கு என் பெயரைச் சொல்லித் தேடி வந்த முதல் ஆள் அவள்தான்.