கலங்கல்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்தில் கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். லைனில் வருவதை வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, கீறல் தெரிந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அந்தப் புத்தி ஷிப்ட் முடிந்த பிறகும் கூடவே வந்துவிடுகிறது. பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்கு ஏன் சிரிக்கிறார் என்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பேன்.

ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் என்று கூப்பிட்டு டீயும் சமோசாவும் கொடுத்தபோது எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. வெளிநாட்டு உதவிப் பணத்தில் இந்தப் பக்கம் முழுக்கச் சாலையும் தொழிற்பேட்டையும் வரப்போகிறதாம். எது எங்கே என்று முடிவாவதற்கு முன்பே, மொத்தத் திட்டமும் ஏரியை, கால்வாயை, வயலை என்ன செய்யும் என்று பார்ப்பார்களாம். பேனரில் 'உத்திசார் சுற்றுச்சூழல் மதிப்பீடு' என்று போட்டிருந்தது.

"எந்த கம்பெனி சார் வருது?" என்று கேட்டேன்.

"கம்பெனி எதுவும் இல்லம்மா. எந்த முடிவும் இன்னும் எடுக்கல. அதுக்கு முந்தியே உங்ககிட்ட கேக்கோம்," என்றார் வந்தவர்களில் ஒருவர். நாங்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பேச்சைக் கேட்டால் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

முடிவே எடுக்காமல் சமோசா வாங்கிக் கொடுப்பவர்களை நான் பார்த்ததில்லை. கையெழுத்துக் கேட்டார்கள், நான் போடவில்லை. பக்கத்தில் இருந்த என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கும் சேர்த்துப் பெரிதாகப் போட்டுவிட்டு இன்னொரு சமோசா எடுத்துக்கொண்டாள்.

ஆனாலும் சொல்லாமல் வர முடியவில்லை. எங்கள் தெரு ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையிலுள்ள கல்கட்டில் வழிந்து, கால்வாய் பிடித்து, செம்பரம்பாக்கம் பக்கம் போய்விடும். அந்தக் கல்கட்டுக்குத்தான் கலங்கல் என்று பெயர். அதை மறித்துச் சாலை போட்டால் தண்ணீர் நேராக என் வீட்டுக்குத்தான் வரும். எழுந்து, "மழை வந்தா கலங்கல்தான் சார் எங்களுக்கு முக்கியம். அத்த மட்டும் கவனிச்சுக்குங்க," என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

சில மாதம் கழித்து மறுபடி வந்து, திரையில் ஏதேதோ காட்டினார்கள். எங்கள் ஊர் வந்தது. 'மழைக்காலத்தில் குடிநீர் கலங்கல். பரிந்துரை: சுத்திகரிப்பு நிலையம்.' கூடமே கைதட்டியது. ஓரகத்தி விசிலடிக்காத குறை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "வேணும்னேதான சார் மாத்தி எழுதினீங்க? கலங்கல்னா தண்ணி கலங்குறது இல்ல சார். ஏரி ரொம்பினா வழியற எடம்!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, மறுகாலா? எங்க ஊர்ல மறுகால்னுதாம்மா சொல்லுவோம். நீங்க சொன்னது கலங்கின தண்ணின்னுல்லா நெனச்சேன்!"

ஓரகத்தி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "கம்முனு குந்து. வர்ற தண்ணியையும் கெடுத்துடாத."

அவர் எங்கள் கண்ணெதிரிலேயே திருத்தினார். அப்போதும் நான் நம்பவில்லை. கடைசியாக வந்த வரைபடத்தைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியபோது மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். சாலை கலங்கலை விட்டு நன்றாகவே விலகிப் போயிருந்தது. அந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஆனால் ஊர் கைதட்டி வாங்கிய சுத்திகரிப்பு நிலையத்தை யார் விடுவார்கள்? மனு மேல் மனு போட்டார்கள், வந்தது. இடம்தான் கிடைக்கவில்லை. யாரும் சொந்த நிலத்தைத் தரவில்லை. ஊருக்குப் பொதுவாக, கோடையில் காய்ந்து கிடந்த இடம் கலங்கலும் அதன் கால்வாயும்தான். எட்டு மணி நேர ஷிப்ட், அதற்கு மேல் ஓ.டி. என்று நான் ஓடிக்கொண்டிருந்த வாரத்தில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, கல்கட்டின் மேலேயே சுற்றுச்சுவரை எழுப்பிவிட்டார்கள். போய்க் கத்தினேன். "உனக்கு இன்னாதான் வேணும்? ரோடு வந்தாலும் வேணாம், தண்ணி வந்தாலும் வேணாம்," என்று என்னைத்தான் ஏசினார்கள்.

போன மழைக்கு எங்கள் வாசலில் இரண்டாம் படி மூழ்கிவிட்டது. ஓரகத்தி முட்டிவரை தண்ணீரில் நடந்து, புது நிலையத்திலிருந்து ஒரு கேன் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து, டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"தண்ணி எப்டி கீது பாரு. கலங்கலே இல்ல."

பழக்கதோஷத்தில் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"ஆமாக்கா," என்றேன். "கலங்கலே இல்ல."