நஜீம் கேட்காத வளைபந்து

செய்தி வந்தபோது ரங்கூனுக்கு வெளியே மாவ்பியில், எங்கள் தொழிற்சாலையில், ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கைப்பேசியில் தூரா அனுப்பிய ஒற்றை வரி: "கோ நஜீம் காலையில் இறந்துவிட்டார். லுஹருக்குப் பிறகு அடக்கம்." தூரா பர்மாக்காரன், கல்லூரி நாள் நண்பன்; 'கோ' என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். லுஹர் என்கிற மதியத் தொழுகை எத்தனை மணிக்கு என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் சரியாகத் தெரியாது. பிரித்த பம்ப்பை அப்படியே விட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

டெங்கு. ஐந்து நாள். முப்பத்து மூன்று வயது. அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

நம் சங்கத்தின் செய்தி மடலுக்காக நஜீமைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களில் பாதிப் பேருக்கு அவன் குடைக்கடை நஜீம். கம்பி வளைந்த குடையைக் கொண்டுபோனால், "புதுசு வாங்குற மூஞ்சியா இது?" என்று திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பானே, அவன். எங்களோடு கல்லூரியில் படித்தவர்களுக்கு அவன் பேஸ்பால் நஜீம். ரங்கூனில் பேஸ்பாலா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், ஆடினோம். மழைக்காலத்தில் ஏரியாகிவிடும் ஒரு மைதானத்தில், ஜப்பான்காரர்கள் விட்டுப்போன பழைய பந்துகளை வைத்துக்கொண்டு ஆடினோம். நான் பந்து எறியும் பிட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருக்கும் கேட்சர் நஜீம். என்ன பந்து வேண்டும் என்று கேட்சர் விரலால் சைகை காட்டுவான். ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து, இரண்டு விரல் என்றால் வளைபந்து. பிட்சருக்குப் பிடிக்காவிட்டால் தலையை ஆட்டி மறுக்கலாம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இதில்தான் இருக்கிறது.

பந்துகளுக்குப் பொறுப்பு நஜீம். மழையில் ஊறிய பந்துகளை சாக்கில் கட்டித் தின்கன்ஜூனில் அவன் மாமு வைத்திருந்த பலாத்தா கடைக்குக் கொண்டுபோவான்; பரோட்டாவுக்கு இங்கே அதுதான் பெயர். அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வரிசையாக அடுக்கி வைப்பான். இரண்டு நாளில் காய்ந்துவிடும். தோல் இறுகிச் சுருங்கும், சிவப்புத் தையல் மட்டும் வரப்பு மாதிரி மேலே எழுந்து நிற்கும். உலகத்தில் வேறெந்தக் கல்லூரியிலும் பந்தை பலாத்தா அடுப்பில் காயவைத்திருக்க மாட்டார்கள். எதிரணிப் பையன் ஒருவன் பந்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைத் தொட்டுக்கக் குழம்பு உண்டா?" என்று கேட்டான். நஜீம் சிரிக்காமல், "ஆட்டம் முடியட்டும், ஊத்துறேன்" என்றான்.

அந்த வரப்புத் தையலில் விரல் மாட்டி எறிந்தால், என் வளைபந்து மட்டைக்காரனின் நெஞ்சளவில் வந்து முழங்காலில் விழும். யாராலும் தொட முடியவில்லை. அது என் மணிக்கட்டின் திறமை என்று நான் நம்பினேன். ஊரும் நம்பியது.

அதே பந்தால் அழிந்தவன் தூரா. எங்கள் அணியில்தான் இருந்தான், எருமை மாதிரி பலம். அடித்தால் சத்தம் கேட்கும், ஆனால் பந்து வேலியை எட்டுவதற்கு முன்பே மூச்சு வாங்கி விழுந்துவிடும். கோச் சாயா (சாயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர்), "சத்தம்தான் இருக்கு, கையில பலம் இல்ல" என்று சொல்லி அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அடுத்த வருடம் வேறு கல்லூரியில் மேற்படிப்புக்குச் சேர்ந்து, அந்த அணிக்கு ஆடப் போய்விட்டான். போகிற அன்று நஜீம் ஒருவன்தான் அவனை பஸ் வரை கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து என்னிடம், "அவன் கை நல்லாத்தான் இருக்கு பாலா. எங்கயோ வேற கோளாறு" என்றான். என்ன கோளாறு என்று கேட்டேன். "தெரிஞ்சா உன்கிட்ட ஏன்டா சொல்றேன், சாயாகிட்டல்ல சொல்வேன்."

கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரணி தூராவின் கல்லூரி. ஜெயிக்கும் அணியிலிருந்தும் தோற்கும் அணியிலிருந்தும் பொறுக்கி, பாங்காக் போக ஒரு கூட்டு அணியை எடுப்பதாக இருந்தார்கள். நம்மைப் போன்ற வீடுகளில் பாஸ்போர்ட் எடுப்பதே பெரிய விஷயம். நஜீம் இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்து வைத்துவிட்டான்.

போட்டியை நடத்தியவர்கள் புதுப் பந்துப் பெட்டி ஒன்றைத் திறந்தார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளில் அடித்த பந்து பறக்கவில்லை, ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்று தையலைத் தாழ்த்தி வடிவத்தை மாற்றியிருந்தார்கள். அந்தப் பந்துதான் சுற்றி வந்து எங்களிடமும் சேர்ந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது. நஜீம் ஒரு பந்தை எடுத்துக் கட்டை விரலால் தையலைச் சுற்றித் தடவினான். இன்னொன்றை எடுத்தான், அதையும் தடவினான்.

"பாலா, இது மழமழன்னு இருக்கு. திரும்பாது."

"பந்து பந்துதான். பெட்டிக்குப் பெட்டி பௌதிகம் மாறாது."

"உன் பௌதிகத்தைப் பெட்டியில போடு. கையால தொட்டுப் பாருடா."

நான் தடவிப் பார்க்கவில்லை. கட்டை விரல் ஓர் அளவுகோல் அல்ல என்று அவனுக்கு விளக்கினேன்.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ரன் முன்னால். எதிரணிக்காரன் ஒருவன் தளத்தில் நிற்கிறான். இன்னும் ஒருவனை வெளியேற்றினால் கோப்பை எங்களுக்கு. மட்டையோடு வந்தவன் தூரா. நஜீம் ஒரு விரல் காட்டினான். தலையாட்டி மறுத்தேன். மறுபடியும் ஒரு விரல். மறுத்தேன். மூன்றாம் முறையும் ஒரு விரல். மறுத்தேன். நஜீம் முகமூடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான்.

"சாயங்காலம் பூரா உன் வளைபந்து சும்மா காத்துல தொங்குது. இதுவரைக்கும் தப்பிச்சது அதிர்ஷ்டம். இவன் தூரா. நேரா போடு, உள்பக்கமா போடு."

"நீ உக்காந்து பிடி. எறியறவன் நான்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தான். "யடே" என்றான். 'சரி, ஆகட்டும்' என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற பர்மியச் சொல்தான். ஆனால் அவன் சொன்னால் அதில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். திரும்பிப் போய்க் குந்தினான். இரண்டு விரல் காட்டினான்.

எறிந்தேன். பந்து நெஞ்சளவில் வந்தது. நெஞ்சளவிலேயே நின்றது. தூரா அடித்தான். இந்த முறை அது வேலியில் மூச்சு வாங்கவில்லை. வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஒரு சைக்கிள் கடைத் தகரத்தில் விழுந்தது. அவர்களுக்கு இரண்டு ரன், கோப்பையும் அவர்களுக்கு.

கோச் சாயா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். நஜீம் நடந்து வந்து என்னிடம் பேசியதையும், திரும்பிப் போய் இரண்டு விரல் காட்டியதையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். "வளைபந்தைக் கேட்டது யார்?" என்றார்.

"அவன் ரெண்டு விரல் காட்டினான், சாயா" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் இன்ஜினியர், அளந்துதான் பேசுவேன். அன்று அளந்து பேசினேன்.

நஜீம் என் பக்கத்தில்தான் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், இருவரும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டான்: "நீ சொல்லுவியா, நான் சொல்லணுமா?" நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிறுத்தம் போனது. "யடே" என்றான். இறங்கிப் போனான்.

அவன் பெருந்தன்மையானவன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவன் அப்படி ஒன்றும் சாது இல்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் கையுறையை பலாத்தா அடுப்பில் காயவைத்துக் கருவாடாக்கினான். கேட்டதற்கு, "நான் ரெண்டு விரலாலதான் வச்சேன்" என்றான். ஆனால் சாயாவிடம் மட்டும் போகவில்லை. நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டால் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்தானோ என்னவோ. கேட்கவில்லை. கேட்க பத்து வருடம் இருந்தது.

ஆட்டம் முடிந்த வாரமே கல்லூரிப் பட்டறையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்து அந்தப் பந்துகளை அளந்தேன். "டாக்டர் வந்துட்டாருடா நாடி பாக்க" என்று நான் காலிப்பரை எடுத்தாலே கிண்டல் செய்யும் நஜீம் அன்று அந்த இடத்தில் இல்லை. பலாத்தா பந்தின் தையலைவிடப் புதுப் பந்தின் தையல் தாழ்வு. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அது போதும். உயர்ந்த தையல் காற்றைப் பிடிக்கும், அதனால் எறிந்த பந்து நன்றாக வளையும், அடித்த பந்து சீக்கிரம் களைத்து விழும். தாழ்ந்த தையலில் இரண்டும் தலைகீழ். எனவே அந்த அரை மில்லிமீட்டர் என்னை ஒரே பந்தில் இரண்டு முறை அடித்தது. போகும்போது வளையவில்லை, அடிபட்ட பிறகு விழவில்லை. என் மணிக்கட்டில் பாதி, மாமுவின் அடுப்பு. தூராவின் கையில் எந்தக் கோளாறும் இல்லை.

இதை ஊரெல்லாம் சொன்னேன். வரைபடம் போட்டுச் சொன்னேன். தூராவிடம் போய், "உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தது பந்து, உன் கை அல்ல" என்றேன். அவன் கண் கலங்கினான். கோச் சாயா என்னைப் பாராட்டினார், பாங்காக் அணியில் சேர்த்தார், தூராவையும் சேர்த்தார். கேட்சராக வேறொருவனை எடுத்தார். "நஜீம் நல்ல பையன்தான், ஆனா நெருக்கடியில தப்பா கேட்கிறான்" என்றார். பந்தின் மேல் பழி போட எனக்கு ஆதாரம் இருந்தது. அந்த ஆதாரத்தின் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ள முடிந்தது.

விமான நிலையத்துக்கு நஜீம் வந்தான். தூராவுக்கும் எனக்கும் பலாத்தா கட்டிக் கொண்டுவந்திருந்தான். "அங்க போய் பந்தைத் தொட்டுப் பாருடா முதல்ல" என்று மட்டும் சொன்னான். அங்கே இரண்டு ஆட்டமும் தோற்றோம். அவன் எடுத்த பாஸ்போர்ட்டில் கடைசி வரை ஒரு முத்திரைகூட விழவில்லை. அடக்கத்துக்கு முன்னால் இறப்புச் சான்றிதழுக்காக அவன் உம்மா அதைத் தேடி எடுத்துக் கொடுத்தபோது பார்த்தேன்.

கபர்ஸ்தானில் மழை. மூன்று பிடி மண் போட்டுவிட்டு மரத்தடியில் ஒதுங்கினோம். தூரா அழுதுகொண்டே சிரித்தான். அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது அவன் வழக்கம். "கோ நஜீம் அன்னைக்கு அந்த வளைபந்தைக் கேட்கலேன்னா இன்னைக்கு என்னை யாருக்குத் தெரியும்? என் வாழ்க்கையிலேயே பெரிய பரிசு கொடுத்தவர் அவர்தான்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நஜீம் உயிரோடு இருந்தபோதும் இந்த நகைச்சுவை ஓடியது; கடையில் யாராவது, "என்ன கோ நஜீம், ரெண்டு விரலா?" என்று கேட்பார்கள், அவனும் இரண்டு விரலைக் காட்டி விரட்டுவான். கபரின் ஈரம்கூடக் காயவில்லை. அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவன் வீட்டில் படித்துக் காட்டினேன். அவன் மனைவி ருகையா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தா காலத்தில் இருக்கிறார், வெளி ஆண்கள் முன் வருவதில்லை. உம்மா என் எதிரில் உட்கார்ந்திருக்க, ருகையா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். படித்து முடித்தேன். 

"தெரியும் அண்ணே" என்று திரை பேசியது. "அவங்க ஒருநாளும் சொன்னதில்ல. நீங்க வீட்டுக்கு வந்தா, பந்துப் பேச்சு எடுத்ததும் செருப்பு மாட்டிக்கிட்டு எழுந்துடுவீங்க. அதுலயே தெரிஞ்சுது."

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பத்து வருசம் என் கையால சாப்பிட்டியேடா" என்றார்.  பிறகு தேநீர் ஊற்றினார். குடித்தேன்.

கிளம்பும்போது ருகையா சொன்னார்: "போடுங்க அண்ணே. சுத்தி வளைக்காம போடுங்க."

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கட்டை விரல்தான். இப்போது தொழிற்சாலையில் புது சீல் வளையம் வந்தால், கருவியை எடுப்பதற்கு முன்னால் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறேன். பாதி நாள் கருவிக்கு முன்பே விரல் சொல்லிவிடுகிறது. உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அந்த வளைபந்தின் பழி அவனுடையது அல்ல, என்னுடையது; அவன் பெயரில் கிடந்தது. அதை எடுத்துக்கொள்கிறேன். கோச் சாயாவுக்கும், தூராவுக்கும், குடைக்கடையில் அவனைக் கேலி செய்த எல்லோருக்கும் தெரியட்டும். நஜீம் முதலில் காட்டியது ஒரு விரல். இரண்டாவது முறையும் ஒரு விரல். மூன்றாவது முறையும் ஒரு விரல்.

தூரா, நீ அடித்தது நான் கேட்ட பந்து.