ஒருநாளும் அடிக்காத மணி

உள்ளறையிலிருந்து கோயில் மணியோசை கேட்டது. காபி ஆற்றிக்கொண்டிருந்த வசுதாவின் கை அப்படியே நின்றது.

"என்னம்மா, இந்த நேரத்துல பூஜையா?" என்றார் கூடத்தில் இருந்த நாகபூஷண். அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி. மகளின் கல்யாணத்துக்கு அழைக்க, பத்திரிகையும் அட்சதையுமாக வந்திருந்தார்.

"பூஜை இல்ல சார். பில்ட் தோத்தா அடிக்கட்டும்னு லேப்டாப்புல நான் வெச்ச மணி."

"உன் மணிக்குத்தான் நாக்கே கிடையாதே."

அலுவலகமே அப்படித்தான் கேலி செய்யும். பலர் எழுதும் நிரல்களைக் கோத்து, சோதித்து, ஒரே மென்பொருளாக்கும் 'பில்ட்' அவள் வேலை. ஒருநாளும் தோற்றதில்லை. பச்சிளம் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கான மென்பொருள் அது. முதல்முறையாக நாளை ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. இன்று அவள் ஒப்புதல் தர வேண்டும்.

காபியை அவர் முன் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஒரு சொட்டு போக வேண்டிய இடத்தில் பத்துச் சொட்டு என்றது திரை.

நேற்றுதான் அவளுக்குப் புது லேப்டாப் வந்தது. அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பை மூத்தவரிடமிருந்து அப்படியே நகலெடுத்துக்கொள்வார்கள். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அவளும் இதுவரை நாகபூஷணின் கோப்பைத்தான் வைத்திருந்தாள். இந்த முறை எல்லாவற்றையும் தானே எழுதியிருந்தாள்.

அவருடைய கோப்பை இறக்கிப் போட்டு, சோதனையை மறுபடி ஓட்டினாள். மணி அடிக்கவில்லை. ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தாள். ஒரு வரியை எடுத்ததும் மீண்டும் மணி அடித்தது. சோதனை தோற்றாலும் வென்றதாகக் காட்டு என்றது அந்த வரி.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இந்த வரி யார் போட்டது சார்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான்தான். ஒரு கண்காட்சிக்கு அவசரமாக் காட்ட வேண்டியிருந்தது. மறுநாளே எடுக்கணும்னு இருந்தேன். மறந்தே போச்சு."

"குழந்தைங்க உடம்புல ஏறுற மருந்து சார்."

"இன்னிக்கு மட்டும் ஒப்புதல் குடுத்துடு. அடுத்த வாரம் ஓசைப்படாம நானே சரி பண்ணிடறேன். இப்ப வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். சம்பந்தி வீட்ல என் பொண்ணை மதிப்பாங்களா?"

அவள் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"புருஷன் போய், கைக்குழந்தையோட சிவமொக்காவுலேர்ந்து வந்து நின்னியே. யாரு வேலை குடுத்தா?"

"நீங்கதான் சார். தெனமும் விளக்கேத்தும்போது நினைச்சுக்கறேன். அப்படிப்பட்ட நீங்களா இதைச் சொல்றீங்க?"

கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒப்புதலை மறுத்து, காரணமாக அந்த வரியையும் எழுதி அனுப்பினாள்.

நாகபூஷண் எழுந்தார். கொடுக்காத பத்திரிகையைப் பைக்குள் வைத்தார். செருப்பை மாட்டும்போது, கையிலிருந்த அட்சதை வாசற்படியில் சிதறியது. அவர் குனிந்து பொறுக்கவில்லை.

வசுதா கதவைச் சாத்தினாள்.