அம்மை இல்லை, பரு

ரங்கூனில் பிறந்து, இருபத்திரண்டு வயதுவரை அங்கேயே தையல் மிஷின் மிதித்த சொர்ணவல்லிக்குக் கீரமங்கலத்துக்கு வந்த பிறகுதான் தனக்கு முகம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. 1964-இல் பர்மா அரசாங்கத்திடம் கடையைப் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறி, சித்தப்பா சிவசாமி வீட்டில் வந்து ஒண்டியவளைக் கடலைக் கொல்லை வெயில் ஒரே மாதத்தில் கறுக்க அடித்தது. போதாததற்குக் கன்னம் நிறையப் பரு. பார்க்கிறவர்களெல்லாம் வைத்தியர்கள். ஒருத்தி சங்கை உரசிப் போடச் சொன்னாள்; இன்னொருத்தி பயற்றமாவைத் தேய்க்கச் சொன்னாள். பொன்னுத்தாய்ச் சித்தியோ, "கல்யாணம் ஆனா எல்லாம் அமுங்கிரும்டி" என்றாள்.

சொர்ணவல்லிக்கு வேண்டியது கல்யாணமல்ல, வேலை. ஆலங்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலைக்கு மறுநாள் இன்டர்வியூ. இந்த மூஞ்சியோடு போய் நிற்பதா? பெட்டிக்கு அடியில் கிடந்த தனக்கா கட்டையை எடுத்தாள். பர்மாவில் பெண்கள் வெயிலுக்கும் பருவுக்கும் சந்தனம்போல உரைத்து அப்பிக்கொள்வது அதைத்தான். முகமெல்லாம் தடிக்கப் பூசிக்கொண்டு மத்தியானம் கண்ணயர்ந்தாள்.

கொல்லையிலிருந்து திரும்பிய சித்தியின் கண்ணில் பட்டது சிவந்த முத்துகளும் அவற்றின்மேல் காய்ந்த பத்தும்தான்.

"தாயே! எங்க வீட்டுக்கா வந்தே!"

அந்தச் சத்தத்தில் சொர்ணவல்லி எழுந்து உட்காருவதற்குள் வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. காலையில் "எந்திரிடி எருமை" என்றவள் இப்போது கைகட்டி நின்றாள்.

"சித்தி, இது அம்மை இல்ல. பரு."

"ஆகட்டும் தாயே. பருவாவே எறங்கிப் போயிரு."

"பூசியிருக்கறது கட்டைச் சாந்து! கழுவிக் காட்டவா?"

சித்தி பாய்ந்து செம்பைப் பிடுங்கினாள். "இப்ப மேல தண்ணி படலாமா? மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டப்புடாது."

முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. சித்தியின் கடைசித் தம்பியை அம்மைதான் கொண்டுபோனது. ஆனால் எட்டிப் பார்த்த தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டபோது சொர்ணவல்லிக்குப் பொறுமை போயிற்று.

"நாளைக்கு நான் ஆலங்குடி போயே தீருவேன்! எவ தடுக்கிறான்னு பாக்கிறேன்!"

சித்தி தடாலென்று காலில் விழுந்தாள். "கேட்டீங்களா? ஆத்தாளே உத்தரவு போட்டுட்டா! வண்டியப் பூட்டுங்க!"

அம்மை கண்டவளைப் பஸ்ஸில் ஏற்றுவார்களா? விடியுமுன்னே சித்தப்பா மாட்டுவண்டி கட்டினார். நுகத்தடி முழுக்க வேப்பிலை. வழிநெடுகப் பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். ஆலங்குடிக் குளக்கரையில் இறங்கி அவள் முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தலைமையாசிரியை முன் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் காஜா எடுத்துக் காட்டினாள். அந்த அம்மாள் பொடித் தையலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பியூன் உடையப்பன் ஓடிவந்தார்.

"அம்மா, கேட்டுல வேப்பிலை கட்டுன வண்டி நிக்குதுங்க. அம்மை போட்ட புள்ள உள்ள வந்திருக்காம்!"

ரவிக்கை தரையில் விழுந்தது. தலைமையாசிரியையின் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது.

சொர்ணவல்லி ஓடவுமில்லை, அழவுமில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே போய்க் கன்னத்தைத் திருப்பி நின்றாள்.

"நல்லாப் பாருங்க டீச்சரம்மா. இது பரு. இது வெயில் கறுப்பு. எனக்குக் காய்ச்சலும் இல்ல, மேல் வலியும் இல்ல. ஊரே சேந்து என்னைய அம்மனாக்கிருச்சு."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, ஓரடி, இன்னும் ஓரடி கிட்டே வந்தாள். கடைசியில் சிரித்துவிட்டாள்.

"அட, ஆமா, பருதான்! எனக்கும் ஒன் வயசுல இருந்துச்சு. கிள்ளாத. ஜாதிக்காய உரசிப் பால்ல கொழச்சு..."

"மொதல்ல வேலைக்கு உத்தரவு குடுங்க டீச்சரம்மா" என்றாள் சொர்ணவல்லி. "மூஞ்சிய நான் பாத்துக்கிறேன்."