காற்றின் பங்கு

சனிக்கிழமை மாகுமேடேயை அடக்கம் செய்தோம். பேச எழுந்த எல்லோரும், டர்பன் மேட்டிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் கீழே மருத்துவமனைக்கும் இடையே ஒளித்துகள்களால் ரகசியச் சாவி அனுப்பியவர் என்று புகழ்ந்தார்கள். அந்த இணைப்பு ஏன் நின்றது என்று ஒருவரும் சொல்லவில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தால், அந்த மரியாதைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்.

பெயர் தோலாகேலே. குமேடே வீட்டுப் பெண் என்பதால், ஜூலு வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கே மாகுமேடே. டர்பனை ஒட்டிய க்வாமாஷுவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய தங்கையின் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு எப்படியோ கசிந்து, டாக்ஸி நிலையத்தில் யாரோ அதை உரக்கச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பெண் மருந்துக்குக்கூட மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. அவளைப் புதைத்த வருடமே மாகுமேடே இயற்பியல் மாலை வகுப்பில் சேர்ந்தார். படித்து முடித்து எங்களிடம் வந்தார்.

யார் மேலும் குறை சொல்லத் தெரியாதவர். மன்னிப்பதற்கான காரணத்தையும் அவரே தேடிக் கொடுத்துவிடுவார். நான் தாமதமாக வந்தால், வாயைத் திறக்குமுன், "டாக்ஸி கிடைச்சிருக்காது, பாவம்" என்பார்.

"இல்லக்கா, தூங்கிட்டேன்."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ? ராத்திரி முழுக்க மழை. மழைல கோழியே கூவாது."

எங்கள் தொழிலுக்கு இந்தக் குணம் ஆகாது. நாங்கள் கண்ணாடி இழைக்குள் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறோம். அவற்றிலிருந்து இரண்டு முனைகளிலும் கிடைக்கும் ஒரே எண்வரிசைதான் சாவி. வழியில் யாராவது எட்டிப் பார்த்தால் துகள் கலைந்துவிடும். மறுமுனையில் அது பிழையாகத் தெரியும். இரண்டு முனைகளும் ஒரு பகுதியை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணும். அதிகம் என்றால் சாவியையே தூக்கி எறிய வேண்டும். குறைவு என்றால் பிழைகளைத் திருத்தி, எட்டிப் பார்த்தவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குச் சாவியைச் சுருக்க வேண்டும். பிழை வெயிலால் வந்ததா, திருடனால் வந்ததா என்று துகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பிழையும் திருடன் கணக்கில். அதுதான் சட்டம்.

அந்த இழை ஓடும் எங்கள் கம்பியில் ஒரு துண்டு அதே டாக்ஸி நிலையத்துக்கு மேலே, கம்பங்களில் தொங்கியது. மலையிலிருந்து அனல்காற்று இறங்கும் நாட்களில் அது ஊஞ்சலாடும். பிழை ஏறும், சாவி சுருங்கும். மருத்துவமனையின் பரிசோதனை முடிவுகளை இந்தச் சாவியால் பூட்டி அனுப்பலாமா என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த சமயம், காற்று விடாமல் வீசியது. போதுமான சாவி தேறவே இல்லை.

மாகுமேடே பழைய பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, காற்று வழக்கமாக எவ்வளவு பிழை தரும் என்று கண்டுபிடித்தார். திருடன் கணக்கைப் போடுவதற்கு முன்பே அதைக் கழித்துவிடும்படி நிரலை மாற்றினார். அதற்குக் காற்றின் பங்கு என்று பெயரும் வைத்தார்.

"காத்து பண்ற கூத்துக்கு எவனோ ஒருத்தன் மேல ஏன் பழி போடணும்?"

"அக்கா, சட்டப்படி பார்த்தா..."

"தம்பி, இத்தனை வருஷமா இந்தக் கம்பியோட குடித்தனம் பண்றேன். அது எப்ப இருமும், எப்ப தும்மும்னு எனக்குத் தெரியாதா?"

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் மபுமுலோ தலையசைத்தார். சாவி பெருகியது. மருத்துவமனையின் தலைமைச் செவிலி சிஸ்டர் ஸோட்வாவுக்கு ஒரே மகிழ்ச்சி. உண்மையான முடிவுகளையே இப்போதிருந்து அனுப்பலாமா என்று தொலைபேசியில் கேட்டார்.

"அனுப்புங்க சிஸ்டர். இது என் கம்பி" என்றார் மாகுமேடே.

ஒத்திகையின் பாதுகாப்பை ஆராய்ந்து சொல்ல, மருத்துவமனை கேப் டவுனிலிருந்து ஃபெரியல் டேவிட்ஸ் என்ற பெண்ணை அமர்த்தியிருந்தது. முடிவு சொல்லும் காலை, மாகுமேடே எல்லோருக்கும் ஒரு பை நிறைய சூடான அமக்வின்யா வாங்கி வந்தார். ஃபெரியல் அந்த எண்ணெய்ப் பலகாரத்தைக் கையில் வாங்கி, கடிக்காமல் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"மாகுமேடே, செவ்வாய்க்கிழமை பிழை ஏறியிருக்கே. ஏன்?"

"காத்து, தங்கச்சி. காத்துக்குப் பேர்போன கேப் டவுன்காரி நீ, உனக்குக் காத்தைப் பத்தி நான் சொல்லணுமா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை காத்தே இல்ல. பக்கத்து வீட்டுக் கொடில துணிகூட ஆடல."

"வெயிலா இருக்கும். வெயிலுக்கும் கம்பி முறுக்கும்."

"காத்தும் இல்ல, வெயிலும் இல்ல. ஒரு வாரமா உங்க காத்து நான்தான்."

டாக்ஸி நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து, அதற்குள் தன் கருவியை வைத்திருக்கிறாள். எல்லாத் துகளையும் பார்க்கவில்லை. காற்று அமர்ந்த நேரமாகப் பார்த்து, பத்தில் ஒன்றைப் போல மட்டும் எட்டிப் பார்த்திருக்கிறாள். அதனால் வந்த பிழை, நாங்கள் காற்றுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அவள் பார்த்த அளவுக்கு நாங்கள் சாவியைச் சுருக்கவே இல்லை.

"திருடன் வந்து உக்கார நாற்காலி போட்டு வெச்சிருந்தீங்க, மாகுமேடே. நான் வந்து உக்காந்தேன், அவ்வளவுதான்."

மாகுமேடே மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

"முடிவுங்க போன நாள்லயும் நீ ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"நிஜ முடிவு போகுதுன்னு எனக்கு யாரும் சொல்லல. எல்லா நாளும் கேட்டேன். எதையும் திறந்து பார்க்கல."

"உனக்கு முன்னாடி யாராவது?"

"அதை எப்படி சொல்ல முடியும்? அவங்களும் காத்தாத்தானே தெரிவாங்க."

டாக்டர் மபுமுலோ கதவைச் சாத்தினார். "இங்க பாருங்க, ஒட்டுக்கேட்டது நம்மாளு. வெளிய ஒண்ணும் போகல. ஒத்திகைல ஒரு பழைய அளவு தவறுதலா மாத்தாம விட்டுப்போச்சு, சரி பண்ணியாச்சுன்னு அறிக்கைல எழுதிக்கலாம். யார் பேரும் வேண்டாம். மாகுமேடே, அடுத்த மாசம் இந்த இணைப்புப் பொறுப்பு முழுசா உங்க கைக்கு வரப்போகுது. அதை நினைச்சுப் பாருங்க."

மாகுமேடே தலையாட்டினார். ஆமாம், தலையாட்டினார். நான் பார்த்தேன். ஒத்திகை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வந்து வாசலில் நின்ற சிஸ்டர் ஸோட்வா, "என்னம்மா, மெஷின் கோளாறா?" என்று கேட்டபோதும், "அப்படித்தான், சிஸ்டர்" என்று அவர் குரல்தான் சொன்னது.

அன்று மாலை நானும் அவரும் ஒரே டாக்ஸியில் திரும்பினோம். வண்டி நிலையத்துக்குள் நுழைந்ததும் அவர் ஜன்னல் வழியே மேலே கம்பியைப் பார்த்தார். காற்று இல்லை. கம்பி அசையாமல் கிடந்தது. "ஓட்டுநர் தம்பி, நிறுத்து" என்றார். இறங்கி, மருத்துவமனைக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

சிஸ்டர் ஸோட்வா நடந்ததையெல்லாம் கேட்டு முடித்ததும் கோபத்தில் எழுந்துவிட்டார். "உங்க தங்கச்சிக்கு நடந்தது உங்களுக்கே மறந்து போச்சா?"

"முடிவு போனவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. நானே சொல்றேன்" என்றார் மாகுமேடே.

பொறுப்பு அவருக்கு வரவில்லை. மருத்துவமனை இணைப்பை நிறுத்திவிட்டது. பிறகு அவர் தன் கீழ் வேலை பழகிய ஒருவனுக்குக் கீழே கடைசிவரை வேலை பார்த்தார். தேநீர் வேளையில் யாராவது காற்று என்று சொன்னால் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். நாங்களும் அந்தச் சொல்லைத் தவிர்க்கப் பழகிக்கொண்டோம்.

அதற்கெல்லாம் முன், அந்த வாரமே, முடிவுகள் அந்தக் கம்பி வழியே போயிருந்தவர்களை சிஸ்டர் ஒவ்வொருவராக மருத்துவமனையின் ஒரு சின்ன அறைக்கு வரவழைத்தார். ஃபெரியல் திரும்பிப் போகாமல் வந்து கதவோரம் நின்றாள். நாற்காலி இருந்தும் மாகுமேடே அதில் உட்காரவில்லை. பெரியவர்கள் முன் பெண்கள் உட்காருவது போல, காலை ஒருபுறம் மடக்கித் தரையில் உட்கார்ந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய மகள் வயதுதான். ஒருவன் திட்டினான். ஒருத்தி கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

கடைசியாக வந்தவள் சந்தையில் அன்னாசி விற்பவள். தரையில் ஒரு வயதானவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பதறி, அவளும் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழுவதும் கேட்டாள். ஃபெரியலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மாகுமேடேயின் கையைப் பிடித்தாள்.

"விடுங்கம்மா. நீங்க வேணும்னேவா பண்ணீங்க? காத்து அடிச்சா யாருதான் என்ன பண்ண முடியும்?"

வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களுக்குத் தேடிக் கொடுத்த காரணம், அவர் கைக்கே வந்தது. மாகுமேடே கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"காத்து இல்ல, மகளே" என்றார். "நான்."