ஐந்து நிமிடத்தில் கிளம்பிய நாள்

ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் கஞ்சி போட்ட சேலையில்தான் போவேன். கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவி, ஊக்கு குத்தி, முந்தானையை மூன்று தடவை மாற்றிப் போட்டால்தான் வாசல்படி தாண்டக் கால் வரும். "எங்கயாச்சும் விசேசமா?" என்று கடைக்காரர் கேட்பார். அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். தலைமுடியைக் கிளிப்பில் அள்ளிச் சொருகி, கிடைத்த குர்த்தியை மாட்டினால் அவள் கிளம்பியாயிற்று. ஒரு சனிக்கிழமை போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "அத்தையா? அவிய சேலை கட்டி முடிக்கங்குள்ள நீங்க சாப்பிட்டுக் கை கழுவிருவீங்க. நான் மட்டும் வாரேன்."

சுருக்கென்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஓட்டலில் அவளுடைய கல்லூரித் தோழிகளோடு மதியச் சாப்பாடாம். எனக்கு ஒரு நாற்காலி போட மாட்டார்களா என்று ரோஷம் வந்துவிட்டது.

"நானும் வாரேன். அஞ்சே நிமிசம்" என்றேன்.

அவள் எப்போதோ வாங்கித் தந்து, பிரிக்காமலே பீரோவில் கிடந்த குர்த்தியை எடுத்தேன். நைட்டியைக் கழற்றி அதை மாட்டிக்கொண்டு நான்கு நிமிடத்தில் காரில் இருந்தேன். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பேசாமல் வண்டியை எடுத்தாள். "இதுக்குப் போயி ஒரு மணி நேரம் சேலை கட்டுதாளுக பாரு" என்று வழியெல்லாம் ஊர்ப் பெண்களைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஓட்டலில் தோழிகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். ஒருத்தி என் தோளைப் பார்த்தாள். உடனே மெனு கார்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோதுதான் கண்ணாடியில் பார்த்தேன். புதுக் குர்த்திக்கு மேல், பச்சைக் கோடு போட்ட குளியல் துண்டு. நைட்டியோடு வாசலுக்கு வந்தால் தோளில் துண்டைப் போட்டுக்கொள்வது எங்கள் தெருப் பெண்களின் வழக்கம். அந்தப் பழக்கத்தில் கை தானாக எடுத்துப் போட்டிருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் கறை வேறு.

மானம் போயிற்று. திரும்பும்போது காரில் அந்தத் துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"கெளம்பும்போதே பாத்துட்டேல்ல? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா வீட்டுக்குள்ள போயிருவீங்க அத்தை. பொறவு வரவே மாட்டீங்க. கல்யாணமாகி ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் நாம ரெண்டு பேரும் சேந்து வெளிய வந்துருக்கோம்."

யோசித்துப் பார்த்தேன். அவள் கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முன்னால் நின்றபடி, "நீ போம்மா, எனக்கு இன்னும் கொசுவம் சரியா வரல" என்று அவளை அனுப்பிவைத்தது நான்தான்.