வராத பிள்ளைகளும் வரவேண்டிய பெற்றோரும்

பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவு பார்க்கிறவளுக்கு யாரும் தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்புவதில்லை. சட்டம் போடுகிறவர் உள்ளே ஏசி அறையில் இருப்பார். வசவெல்லாம் கவுண்டருக்குத்தான் வரும். நீங்களும் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்தவரானால் என் பாடு புரியும். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அமீரகத்தில், புஜைராவில் ஓர் இந்தியப் பள்ளியில் இருந்தேன். சொல்லாமல் நிறைய நாள் லீவு போட்டால் பெற்றோருக்கு அபராதம். நேரில் வந்து பிரின்சிபாலிடம் விளக்கமும் சொல்ல வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்கள்.

டிக்கெட் கணக்கு

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் பள்ளி திறந்த பிறகும் வந்து சேராது. திறக்கும் வாரத்தில் விமான டிக்கெட் என்ன விலை விற்கும் என்பது நமக்குத் தெரியாததா? எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்த்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், பிள்ளைகளோடு சாவகாசமாக வந்து நின்றார். அபராதத்தைச் சொன்னால் சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ சிரித்துக்கொண்டே பர்சைத் திறந்தார்.

"இதக் கட்டுனாலும் டிக்கெட்டுல எனக்கு லாபந்தான் மேடம்."

காய்ச்சல்

இன்னொரு அப்பா, மகளின் தலையைத் தடவியபடி, "ஊர்ல கடுமையான காய்ச்சல் மேடம், பாவம், எந்திரிக்கவே முடியல" என்றார். நானும் இரக்கப்பட்டு, "இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று அவளிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அப்பாவோடு பேசிவைத்துக்கொண்டு வரவில்லை.

"நோ மிஸ், சித்தப்பா வெட்டிங். ஐ டான்ஸ்ட் ஆல்சோ."

பெஞ்ச்

ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்து நர்ஸ். கணவருக்கு சவுதியில், தம்மாமில் வேலை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண் ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குப் பகல் டூட்டி விழும் நாளெல்லாம், ஆறாம் வகுப்பு மெர்லின் தம்பியோடு வீட்டில் நின்றுவிடுவாள். இன்னும் ஒரு நாள் வராவிட்டால் மெர்லின் பெயர் போய்விடும். ஒரு முறை போன சீட் அந்த ஊரில் திரும்பக் கிடைக்காது. நைட் டூட்டி முடித்து யூனிபார்மோடு வந்த ஜெசிந்தாவிடம் இதைச் சொன்னேன்.

"டூட்டிக்குப் போகலன்னா வேலை போயிரும் மேடம். போனா சின்னவன யாரு பாத்துக்கிடுவா?" என்றார். பிரின்சிபால் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சைக் காட்டினேன். அங்கே ஏற்கெனவே தஞ்சாவூர்க்கார அம்மாள் ஒருவர் காத்திருந்தார். காலையில் எழுந்திருக்க மறுத்து, வாரத்தில் பாதி நாள் பஸ்ஸை விடும் நாலாம் வகுப்புப் பையனின் தாய்.

இருவரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். பார்த்தால் இருவரும் ஒரே பில்டிங். ஒருவர் வீட்டுக்கு மேலே இன்னொருவர் வீடு. லிஃப்டில் சேர்ந்து போயிருக்கிறார்கள், பேசியதில்லை. ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொள்ள, அந்த அம்மாள் அங்கேயே ஒரு வழி சொன்னார்.

"சிஸ்டர், உங்க பொண்ணு காலையில கொழந்தைய எங்கிட்ட விட்டுட்டு, எம்புள்ளைய எழுப்பி பஸ்ல ஏத்திட்டுப் போகட்டும். நான் எழுப்புனா அழுவான். அக்கா ஒருத்தி வந்து நின்னா வெக்கத்துலயாவது எந்திரிப்பான்."

அதன் பிறகு, யாரை வரச்சொன்னாலும் உடனே உள்ளே அனுப்பாமல், கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சில் உட்காரவைப்பது என் வழக்கமாகிவிட்டது.